அப்பாவுக்கு எண்பது, மேசையில் ஷாம்பெயின்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, மொட்டைமாடித் துணிக்கொடி எல்லாவற்றையும் பேசி முடித்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். போன கூட்டத்தில் பல் பாதுகாப்பு, அதற்கு முந்தின கூட்டத்தில் மாடித் தோட்டம். இந்தமுறை ஷாம்பெயின் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்ததும் எத்தனை பேர் கீழே இறங்கி வந்திருக்கிறார்கள் என்று செயலாளர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. சங்க விதிப்படி இந்தக் கூடத்தில் மது கூடாது. மேசையில் மூடிவைத்திருப்பது நீர்மோர்.

இந்தத் தலைப்பு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் புதுச்சேரியில், நம் குடியிருப்பிலேயே, முக்கால்வாசி வீட்டில் யாராவது ஒருவர் பிரான்சில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அம்மாவுக்கு எழுபது, தாத்தாவுக்குச் சதாபிஷேகம் என்று வரும்போது பெட்டியில் ஒரு ஷாம்பெயின் பாட்டில் வந்துவிடுகிறது. வந்த பாட்டில் எங்கே போகிறது? ஷோகேஸுக்கு. தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் பேரன் வாங்கின கோப்பைக்கும் நடுவில், டியூப்லைட் வெளிச்சத்தில், ஏப்ரல் மே வெயிலில் நிற்கிறது. ‘நல்ல நாள் வரட்டும், திறக்கலாம்’ என்று ஐந்து வருஷம். நான் ரேன்ஸ் நகரத்தில் 11 வருஷம் குடியிருந்தவள், அங்கே ஒரு ஒயின் கடையில் கணக்கு எழுதினவள். அதனால் சி பிளாக் அக்கா என்னிடம் கேட்டார், ‘இதை எப்படித் திறக்கிறது, யாருக்கு எவ்வளவு ஊத்துறது, பெரியவங்களுக்குக் குடுக்கலாமா?’ என்று. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பேச்சு. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்வதற்கு நான் வரவில்லை. என் அம்மா இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. குடிப்பழக்கத்தால் நொந்த குடும்பங்கள் நம் நடுவிலும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த பாட்டிலுக்கு வேலையே இல்லை.

முதலில், அது என்ன பொருள் என்று பார்க்கலாம். பாரிஸுக்கு வடகிழக்கே, வேக ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ரேன்ஸ். அதற்குக் கொஞ்சம் தெற்கே எப்பெர்னே. இந்த இரண்டு ஊரும் சேர்ந்த வட்டாரத்தின் சுண்ணாம்பு மண் சரிவுகளில் விளைகிற திராட்சையில், அங்கேயே செய்தால்தான் அதற்கு ஷாம்பெயின் என்று பெயர். அந்த வட்டாரத்துக்கு வெளியே அதே மாதிரி செய்தாலும் அந்தப் பெயர் போடக்கூடாது. முக்கியமாக மூன்று திராட்சை: பினோ நுவார், முனியே, ஷார்டொனே. இதில் முதல் இரண்டும் கறுப்புத் திராட்சை என்றால் பலரும் நம்புவதில்லை. தோலின் சாயம் இறங்காதபடி மெதுவாகப் பிழிவதால் சாறு வெளுப்பாக வருகிறது. எவ்வளவு பிழியலாம் என்பதற்கும் சட்டம்: 4000 கிலோ திராட்சைக்கு 2550 லிட்டர், அதற்கு மேல் கூடாது. அதாவது ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ பழம்.

இனி குமிழி. நம் வீட்டில் இட்லி மாவை இறுக்கமாக மூடி வைத்தால் என்ன ஆகும்? மறுநாள் மூடி எழும்பியிருக்கும். அதே சங்கதிதான். புளித்து முடிந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிக்கிறது. வெளியே போக வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைந்து நிற்கிறது. உள்ளே அழுத்தம் 6 வளிமண்டல அளவு, கார் டயரில் இருப்பதைப்போல இரண்டரை மடங்கு. அந்தக் காலத்துக் கண்ணாடி இதைத் தாங்காமல் நிலவறையில் பாட்டில்கள் வரிசையாக வெடித்திருக்கின்றன. வேலையாட்கள் இரும்புக் கம்பி முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போவார்களாம். தோம் பெரிஞோன் என்ற துறவி இதைக் கண்டுபிடித்தார் என்று கடையில் கதை சொல்வார்கள். ஓவில்லெர் மடத்தில் 1668 முதல் 1715 வரை இருந்தவர். நல்ல ஒயின் செய்தவர், சந்தேகமில்லை. ஆனால் குமிழி வராமல் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். ஒயினில் சர்க்கரை சேர்த்துக் குமிழி வரவைப்பதை 1662-லேயே லண்டனில் கிறிஸ்டோபர் மெரெட் என்பவர் எழுதி வாசித்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களிடம் இதைச் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது.

வேலை முடிந்த ஈஸ்ட் செத்துப்போய் அடியில் வண்டலாகப் படிகிறது. ஷாம்பெயினின் ரகசியம் அந்த வண்டலில்தான் இருக்கிறது. அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கரைந்து கரைந்து ஒயினுக்குள் இறங்கும்போது, புது ரொட்டி வாசனையும் வறுத்த பருப்பு வாசனையும் வருகிறது. வருஷம் போடாத சாதாரண ஷாம்பெயினுக்குக் குறைந்தது 15 மாதம், வருஷம் போட்டதற்கு 3 வருஷம் பாட்டிலில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். நல்ல நிறுவனங்கள் அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வைத்திருக்கும். அதற்கு அப்புறம் பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் கொஞ்சம் திருப்பித் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்து, அந்தப் பனிக்கட்டித் துண்டோடு வண்டலை வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

இந்தத் திருப்பும் முறையை 1816 வாக்கில் கொண்டுவந்தது ஒரு பெண்மணி. 27 வயதில் கணவரை இழந்த க்ளிக்கோ அம்மையார். அந்தக் காலத்தில் அந்த வயதில் விதவையானவள் தொழிலை விற்றுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அவர் விற்கவில்லை. அவரைப்போலவே கணவரை இழந்து நிறுவனத்தை நடத்தியவர் பொம்மெரி அம்மையார். அதுவரை பாயசம் மாதிரி இருந்த ஷாம்பெயினை 1874-ல் சர்க்கரை குறைத்து ‘ப்ரூத்’ என்று விற்றார். போலேன்ஜர் அம்மையார் 1941-ல் கணவரை இழந்தவர். 1967-ல் ஒரு புது விஷயம் செய்தார்: 1952-ஆம் வருஷத்து ஒயினை அதுநாள்வரை வண்டலோடு வைத்திருந்து, அப்போதுதான் வண்டல் நீக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வரிசை இன்றும் வருகிறது. ‘பொம்பளை இதைப் பத்திப் பேசலாமா’ என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது கேட்டது. அவருக்காகத்தான் இந்த மூவரையும் சொன்னேன்.

பிறந்தநாளுக்கு வருகிறேன். பெரியவர்கள் பிறந்தநாளுக்கு ஷாம்பெயின் என்றால் அங்கே எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சர்ச்சில் மேல் நமக்கு ஒன்றும் பாசம் கிடையாது, வங்கப் பஞ்சத்தை மறப்பதற்கில்லை. கதையை மட்டும் கேளுங்கள். 1944-ல் பாரிஸில் நடந்த ஒரு விருந்தில் போல் ரோஜே குடும்பத்து மருமகள் ஓதெத் அவர்களைச் சந்தித்தார். அதிலிருந்து அவருடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த அம்மாள் ஒரு பெட்டி அனுப்பிவந்தார். அவருக்குப் பிடித்தது 1928-ஆம் வருஷத்து ஒயின். 1953-ல் அந்த இருப்பு தீர்ந்துபோனது. அவருக்கு 80 நிறைந்தது அடுத்த வருஷம், 1954 நவம்பர் 30. அதே மாதம் 1-ஆம் தேதிதான் நம் ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது, அது வேறு விஷயம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றுதான். அருமையான வருஷத்து ஒயினை எண்பதாவது பிறந்தநாளுக்கென்று பூட்டி வைக்கவில்லை. இருக்கிறவரை, ஆள் ருசிக்கிறவரை, வருஷாவருஷம் அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டுக்கே வருகிறேன். என் அப்பா 1942 ஜனவரியில் பிறந்தவர். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டு ராணுவத்தில் சேர்ந்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு சொல்தா. இப்போது பாரிஸுக்கு வடக்கே சர்செலில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். 2022 நவம்பரில் அவருக்குச் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவர் என்பதற்குக் கணக்கு உண்டு: ஒரு பிறைக்கும் மறுபிறைக்கும் 29.53 நாள், ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது 80 வருஷமும் பத்து மாதமும். கணக்கு எழுதினவள் என்பதால் நான்தான் நாள் பார்த்தேன், ஐயரும் ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் ஷாம்பெயின் திறக்கலாம் என்று தம்பி சொன்னதும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ‘கும்பம் இறக்கி, ஆசீர்வாதம் முடிஞ்சு, ஐயர் படியிறங்கினப்புறம் என்ன வேணா பண்ணுங்க. பூஜை மேசையில வைக்கக் கூடாது. குடிக்காதவங்களை வற்புறுத்தக் கூடாது.’ நியாயமான சட்டம். நம் வீடுகளில் விசேஷமும் இதுவும் ஒரே கூடத்தில் நடக்கத்தான் வேண்டியிருக்கிறது. நேரத்தைப் பிரித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் அதே மாதிரி கிளாஸில் எலுமிச்சை சோடா.

சண்டை வேறு இடத்தில் வந்தது. தம்பியிடம் 2002-ஆம் வருஷத்து தோம் பெரிஞோன் ஒன்று இருந்தது. அவன் மூத்த மகள் பிறந்த வருஷம் என்று வாங்கி, நிலவறையில் சரியானபடி படுக்கவைத்திருந்தான். ‘இதை அப்பாவுக்குத் தொண்ணூறு ஆகும்போது திறக்கலாம், இன்னும் நல்லா ஆகும்’ என்றான். பாட்டிலைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. 2002 அருமையான வருஷம், இன்னும் பல காலம் தாங்கும். ஆனால் அப்பாவுக்கு மூக்கு மங்கிக்கொண்டு வந்தது. சாம்பார் அடிப்பிடித்தால் முதலில் கண்டுபிடிப்பவர், அடுப்படியில் புகை வந்தபோதும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலையில் காப்பியை மோந்து பார்க்கும் வழக்கம் நின்றிருந்தது. வயதானால் கண், காது போலவே மோப்பமும் குறையும். நாம் கண்ணுக்குக் கண்ணாடி வாங்கித் தருகிறோம், காதுக்கு மெஷின் வாங்கித் தருகிறோம். மூக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களும் ‘சாப்பாட்டுல ருசியில்லை’ என்றுதான் சொல்வார்கள், நாம் மருமகள் சமையலைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஷாம்பெயினில் மூக்குக்குத்தான் முக்கால் பங்கு. ரேன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இந்தக் குமிழிகளையே வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்திருக்கிறார். ஒரு கிளாஸை வாய் வைக்காமல் விட்டால் சுமார் பத்து லட்சம் குமிழி எழும்பும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து வெடிக்கும்போது மிகச் சிறு துளிகளைத் தெறிக்கவிடுகிறது. அந்தத் துளிகளில் வாசனைப் பொருள்கள் ஒயினில் இருப்பதைவிடச் செறிவாக இருக்கின்றன. அதாவது கிளாஸே வாசனையை மூக்குக்குத் தூக்கித் தருகிறது. நாக்கில் சுருக்கென்று குத்துவது மோப்பத்தில் சேராத வேறு உணர்ச்சி, அது மூக்கு மங்கினவர்களுக்கும் தெரியும். இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி, ‘தொண்ணூறுல பாட்டில் நல்லா இருக்கும்டா, அப்பா மூக்கு இருக்குமா?’ என்று கேட்டேன். அவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பாட்டிலை எடுத்துவந்து பால்கனியில் வைத்தான். நவம்பர் மாதத்துப் பாரிஸ் பால்கனி, ஃப்ரிட்ஜே வேண்டாம்.

பிறந்த வருஷத்துப் பாட்டிலையே தேடிப் பரிசளிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அறுபது வயதுக்காரருக்கு, காசு இருந்தால், முயலலாம். எண்பது வயதுக்காரருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவ்வளவு பழைய பாட்டிலில் கார்க் சுருங்கி வாயு போயிருக்கும், எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாது, விலையோ கல்யாணச் செலவு. அதைவிட, அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு நல்லதின் வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள். பேத்தி பிறந்த வருஷம், வீடு கட்டின வருஷம், ஓய்வு பெற்ற வருஷம். எல்லா வருஷத்திலும் வருஷம் போட்ட ஷாம்பெயின் வராது, நல்ல விளைச்சல் வருஷத்தில்தான் வரும். சலோன் என்ற நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டு முழுவதிலும் நாற்பது முறைகூட வெளியிடவில்லை. உங்கள் வருஷம் கிடைக்காவிட்டால் வருஷம் போடாத நல்ல கலவையே போதும். க்ருக் நிறுவனத்தின் கிராண்ட் குவே, பத்துக்கும் மேற்பட்ட வருஷங்களின் 120-க்கும் அதிகமான ஒயின்களைக் கலந்து செய்வது. எண்பது வருஷ வாழ்க்கைக்கு ஒரே ஒரு வருஷத்து ஒயினைவிட அதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

அன்றைக்கு வீட்டில் 14 பேர். குடிப்பவர்கள் 9 பேர். பாட்டில் மூன்று, கடைசியில் இனிப்போடு ஒரு அரை பாட்டில். 750 மில்லியை 9 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 80 மில்லி சொச்சம். மூன்று பாட்டிலும் சேர்ந்து ஆளுக்கு 250 மில்லி, நாலு மணி நேரத்தில், சாப்பாட்டோடு. நல்ல பாட்டிலை இப்படிச் சின்னச் சின்னதாகப் பகிர்வதுதான் அழகு. ஒருவர் முழுப் பாட்டிலைக் குடித்தால் அது குடி, ஒன்பது பேர் ஒரே பாட்டிலை மோந்து பார்த்து ‘உனக்கு என்ன வாசனை வருது’ என்று கேட்டுக்கொண்டால் அது விருந்து.

அப்பாவின் அளவு தனி. அவருக்குச் சர்க்கரை உண்டு, ரத்த அழுத்த மாத்திரை உண்டு. ஒரு வாரம் முன்னாடியே அவருடைய டாக்டரைக் கேட்டோம். வெறும் வயிற்றில் கூடாது, மொத்தம் ஒரு சின்ன கிளாஸுக்கு மேல் கூடாது என்றார். நீங்களும் கேளுங்கள். தூக்க மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, இன்சுலின் இதெல்லாம் எடுப்பவர்களுக்கு மது ஆகாமல் போகலாம். சந்தோஷ வேகத்தில் ‘ஒரு வாய்தானே தாத்தா’ என்று ஊற்றிவிடக்கூடாது. ஷாம்பெயினிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு சாராயம் இருக்கிறது. அப்பாவுக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 30 மில்லி ஊற்றினோம். கிளாஸின் அடியில் ஒரு விரல்கூட இல்லை. அவர் அதை அரை மணி நேரம் கையில் வைத்திருந்தார்.

சர்க்கரைக்காரர்கள் லேபிளில் பார்க்க வேண்டியது ஒரு சொல்தான். ‘ப்ரூத்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. 125 மில்லி கிளாஸுக்கு ஒன்றரை கிராம்கூட வராது. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்று போட்டிருந்தால் சர்க்கரை இல்லாதது என்று நினைத்துவிடுவோம். அதில் 12 முதல் 17 கிராம், ப்ரூத்தைவிட இனிப்பு. இந்தப் பெயர் ஏமாற்றாத ஆள் கிடையாது. ‘தெமி-செக்’ 32 முதல் 50 கிராம். இதுவே அதிகம் என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன்: 2010-ல் பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்குப் பக்கத்தில் கடலடியில் 170 வருஷத்துப் பழைய ஷாம்பெயின் 168 பாட்டில் கிடைத்தது. அதில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை. நம் குலாப்ஜாமூன் பாகுக்குத் தம்பி மாதிரி.

ஊற்றும் வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. எளிமையானதும் இளையதும் முதலில், பழையது பிறகு, இனிப்பு கடைசியில். நாங்கள் போல் ரோஜேயின் வருஷம் போடாத ப்ரூத்தில் ஆரம்பித்தோம். சதாபிஷேக நாள் என்பதால் அசைவம் கிடையாது. மெதுவடை, முறுக்கு, நெய்யில் வறுத்த முந்திரி, கொஞ்சம் கொம்தே சீஸ். எண்ணெயில் பொரித்ததும் உப்பும் ஷாம்பெயினுக்கு உறவுக்காரர்கள். பச்சை மிளகாய் ஆகாது, குமிழி அந்தக் காரத்தை இரண்டு மடங்காக்கும். வடைக்கு அன்று சட்னி வைக்கவில்லை. அது தவிர வேறு புகார் எதுவும் வரவில்லை. இரண்டாவது, 2008-ஆம் வருஷத்து தேத்தேஞ்சே. எல்லாரும் எலுமிச்சை, சுண்ணாம்பு, பச்சை ஆப்பிள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், ‘குத்துது, குளிர்ச்சியா இருக்கு’ என்றார். வாசனை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்பி என்னைப் பார்த்தான்.

மூன்றாவது 2002. இதை மட்டும் பால்கனியிலிருந்து கால் மணி நேரம் முன்னாடியே உள்ளே எடுத்துவந்து வைத்தேன். சாதாரண ஷாம்பெயினுக்கு 8 முதல் 10 டிகிரி சரி. பழையதும் உயர்ந்ததும் 10, 12 டிகிரியில்தான் வாய் திறக்கும். ரொம்பக் குளிரவைத்தால் வாசனை உள்ளேயே உறங்கிவிடும். கிளாஸும் ஒல்லிக் குழாய் மாதிரி இல்லாமல், நடுவில் அகன்று மேலே குறுகும் கிளாஸ். அப்பா உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சூடேறியிருக்கும். குனிந்து மோந்தார். மறுபடி மோந்தார். ‘யாரு காப்பிக்கொட்டை வறுக்கிறது?’ என்றார். அடுப்படியில் யாரும் இல்லை. அம்மா எழுந்துபோய் அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி, குடிக்காதவர், மூக்கருகே வைத்துப் பார்த்தார். ‘ஆமா, வறுக்கிற வாசம்தான்’ என்று திருப்பிக் கொடுத்தார். அப்போது தம்பி எல்லாருக்கும் முன்னால் கிளாஸைத் தூக்கி ‘சாந்தே, அப்பா’ என்றான். அந்தச் சொல்லுக்கு ஆரோக்கியம் என்று பொருள்.

இப்போது அப்பாவுக்கு அந்த வாசனையும் வருவதில்லை. காப்பி சூடாக இருக்கிறதா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிகிறது. அந்தக் காலி பாட்டில் தம்பி வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நேரம் ஆகிறது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சி பிளாக் அக்கா கேட்ட திறக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருகிற மாதிரி குலுக்கி டமார் என்று திறக்காதீர்கள். கார்க் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், பாதி ஒயின் தரைக்குப் போகும். நன்றாகக் குளிர்ந்த பாட்டிலைச் சாய்த்துப் பிடியுங்கள், ஆள் இல்லாத பக்கம் பார்த்து. கம்பி வளையத்தை ஆறு அரைச்சுற்று சுற்றினால் தளரும். அந்த நிமிஷத்திலிருந்து கட்டைவிரல் கார்க்கை விட்டு எழக்கூடாது. ஒரு துணியைப் போட்டு, கார்க்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். பெருமூச்சு விடுகிற மாதிரி ‘ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தால் சரியாகத் திறந்தீர்கள் என்று அர்த்தம். அவசரமாகக் குளிரவைக்க, வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், அரை மணி நேரம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் அவ்வளவு சீக்கிரம் குளிராது. கிளாஸை விம் போட்டுக் கழுவினால் சோப்புப் படலம் நுரையைக் கொன்றுவிடும். வெந்நீரில் அலசி, பருத்தித் துணியால் துடையுங்கள். துணியிலிருந்து ஒட்டுகிற கண்ணுக்குத் தெரியாத இழைகளிலிருந்துதான் குமிழிகள் புறப்படுகின்றன.

பிரான்சிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்: வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் இரண்டு, மூன்றாவது கணக்கு தாண்டும். வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸில் வைக்காமல், வெளிச்சம் படாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் படுக்கவையுங்கள், அந்த விசேஷத்துக்கே திறந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கோடையைத் தாண்டின பாட்டிலுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். குடித்தவர் வண்டி எடுக்கக்கூடாது, விருந்து முடிந்ததும் சாவியை யாராவது ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமானால் கழுத்தில் ஸ்பூன் தொங்கவிட்டால் வாயு போகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பிரான்சிலேயே பாதிப் பேர் செய்வார்கள். அதில் ஒன்றும் இல்லை. கவ்விப் பிடிக்கிற மூடி ஒன்று கடையில் கிடைக்கும், அதைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். ஒன்பது பேர் இருந்தால் மிச்சமாகாது. மோர் ஆறிப்போகாது என்றாலும் எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் இங்கேயே கேளுங்கள், லிஃப்டில் வேண்டாம்.